காசு தீர்ந்த பிறகு நிற்பது எது?

காலை எட்டரை மணிக்குக் காளவாசல் சிக்னலில் நின்று பார்த்தால் மதுரையின் அவசரம் முழுவதும் தெரிந்துவிடும். தேனி பக்கமிருந்து வரும் பஸ்கள், பைபாஸ் ரோட்டில் திரும்பக் காத்திருக்கும் வேன்கள், அரசரடி நோக்கி இரு சக்கர வண்டிகளில் பறக்கும் கல்லூரிப் பிள்ளைகள். 2020-ல் மேம்பாலம் திறந்த பிறகும் கீழே கூட்டத்துக்குக் குறைவில்லை. கோடை வந்துவிட்டால் இந்தக் கூட்டத்தில் இன்னொரு வண்டியும் சேர்ந்துகொள்ளும். பின்பக்கக் குழாயிலிருந்து சொட்டுச் சொட்டாக ஒழுகிக்கொண்டே போகும் தண்ணீர் லாரி.

காளவாசல் என்றால் செங்கல் சூளை என்று பொருள். மண்ணும் தண்ணீரும் கிடைக்கிற இடத்தில்தான் சூளை போடுவார்கள். அந்த ஊரில் இன்று தண்ணீர் லாரிக்குக் காத்திருக்க வேண்டியிருக்கிறது.

காளவாசலிலிருந்து தெற்கே சிறிது தூரம் போனால் மாடக்குளம் கண்மாய் இருக்கிறது. மதுரைக்காரர்கள் பலருக்கு அது ஒரு பஸ் நிறுத்தத்தின் பெயர். ஆனால் பாண்டியர் காலத்துக் கல்வெட்டுகள் இந்த நகரத்தை ‘மாடக்குளக்கீழ் மதுரை’ என்றே குறிப்பிடுகின்றன. மாடக்குளத்தின் கீழே, அதன் பாசனப் பகுதியில் அமைந்த மதுரை. மதுரைக்கு அடையாளம் சொல்லக் கோபுரத்தையும் கோட்டையையும் விட்டுவிட்டு ஒரு குளத்தைச் சொல்லியிருக்கிறார்கள். எது இருந்தால் ஊர் இருக்கும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

மாடக்குளம் நிறைந்தால் பொன்மேனி, எஸ்.எஸ். காலனி பக்கத்து வீடுகளில் ஆழ்குழாய்க் கிணற்றுத் தண்ணீர் மேலே வரும். வற்றினால் லாரிக்கு போன் போட வேண்டும். அப்படியானால் இந்தக் கண்மாயையும், இதைப் போன்ற மற்றக் கண்மாய்களையும் பார்த்துக்கொள்ள வேண்டியது யார்? அரசாங்கமா, ஊர்க்காரர்களா, லாபம் சம்பாதிக்கும் நிறுவனங்களா?

கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளாக மூன்றாவது தரப்புக்கும் இதில் பங்கு உண்டு என்று சட்டமே சொல்கிறது.

நூற்றுக்கு இரண்டு

2013-ம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 135-வது பிரிவு 2014 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. நிகர மதிப்பு 500 கோடி ரூபாய், விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி. இந்த மூன்றில் ஏதாவது ஒன்றை எட்டிய நிறுவனம், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி லாபத்தில் 2 சதவிகிதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். மூன்று ஆண்டுகளில் 80, 100, 120 கோடி லாபம் பார்த்த நிறுவனம் என்றால் சராசரி 100 கோடி. செலவிட வேண்டியது 2 கோடி. இதைத்தான் ‘சி.எஸ்.ஆர். நிதி’ என்கிறார்கள்.

எதைச் செய்தாலும் கணக்கில் வந்துவிடாது. சொந்த ஊழியர்களுக்கு மட்டும் பயன்படும் வேலை, அரசியல் கட்சிக்குக் கொடுக்கும் நன்கொடை, கம்பெனியின் வழக்கமான வியாபார வேலை ஆகியவை சேராது. நிறுவனம் இயங்கும் பகுதிக்கு முன்னுரிமை கொடுக்க வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. கல்வி, மருத்துவம், சுகாதாரம், சுற்றுச்சூழல் என்று நீளும் பட்டியலில் நீர்நிலைகளைச் சீரமைப்பதற்கும் இடம் உண்டு.

ஆகவே கோடையில் பல ஊர்க் கண்மாய்களில் ஒரு காட்சியைப் பார்க்க முடிகிறது. ஒரு பக்கம் ஜே.சி.பி. இயந்திரம், இன்னொரு பக்கம் நிறுவனத்தின் பெயர் போட்ட பலகை, நடுவில் வெள்ளைச் சட்டைக்காரர்கள். தேங்காய் உடைக்கிறார்கள், படம் எடுக்கிறார்கள். மூன்று வாரத்தில் மண் அள்ளி முடிகிறது. அடுத்த ஆண்டு மழை பெய்கிறது. கண்மாய் நிறையவில்லை.

ஏன்?

மண் அள்ளினால் மட்டும் போதுமா?

கண்மாயைப் பெரிய தொட்டி என்று நினைத்துக்கொள்வதால் வரும் தவறு இது. தொட்டிக்கு ஆழம் போதும். கண்மாய்க்கு அது போதாது.

மழைத் தண்ணீரைக் கொண்டுவரும் வரத்துக் கால்வாய், தண்ணீரைத் தாங்கும் கரை, வயலுக்குத் திறந்துவிடும் மடை, மிச்சத்தை வெளியே அனுப்பும் கலிங்கு. இவை நான்கும் சேர்ந்ததுதான் கண்மாய். வரத்துக் கால்வாய் சீமைக்கருவேலத்தால் அடைத்துக் கிடந்தால், உள்ளே எத்தனை அடி தோண்டினாலும் தண்ணீர் வராது. மடைக்குக் கீழே பள்ளமாகத் தோண்டிவிட்டால், அங்கே நிற்கும் தண்ணீர் வயலுக்குப் பாயாது. கரையின் அடிவாரத்தில் மண் எடுத்தால் கரையே பலவீனமாகும்.

இன்னொன்றும் உண்டு. மதுரைச் சமவெளியில் கண்மாய்கள் தனித்தனியாக இல்லை. மேல் கண்மாய் நிறைந்து மறுகால் பாய்ந்தால், அந்தத் தண்ணீர் அடுத்த கண்மாய்க்குப் போகும், அங்கிருந்து அதற்கடுத்ததற்கு. சங்கிலி போலக் கோத்திருக்கிறார்கள். நடுவில் ஒரு கண்ணி அறுந்தால் கீழே உள்ள ஊர்களுக்கு எதுவும் வராது. தமிழ்நாட்டில் 39,000-க்கும் மேற்பட்ட ஏரி, கண்மாய்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றை மட்டும் தூர்வாரிப் பலகை வைப்பது, உடம்பில் ஒரு விரலுக்கு மட்டும் வைத்தியம் பார்ப்பது போல.

சரியாகச் செய்தால் பலன் பெரிது. ஓர் ஏக்கர் பரப்பில் ஓர் அடி ஆழத்துக்கு வண்டலை எடுத்தால், கூடுதலாகச் சுமார் 12 லட்சத்து 33 ஆயிரம் லிட்டர் தண்ணீர் நிற்க இடம் கிடைக்கும். 12,000 லிட்டர் லாரியில் கணக்குப் போட்டால் நூறு லாரிக்கு மேல். ஒரு நாளைக்கு 500 லிட்டர் செலவழிக்கும் குடும்பத்துக்கு ஏறத்தாழ ஆறே முக்கால் ஆண்டுத் தண்ணீர். கண்மாய் நிறையும் ஒவ்வொரு முறையும் அவ்வளவு. அள்ளிய கரம்பை மண் வயலுக்கு உரமாகும்.

இந்தக் கணக்கு சட்டென்று புரிந்துவிடுகிறது. இதை யார் முன்னின்று செய்வது, செய்த பிறகு யார் காப்பாற்றுவது என்பதில்தான் சிக்கல்.

மண்வெட்டிக்கு முன்னால் ஒரு கூட்டம்

இந்தச் சிக்கலை நெடுங்காலமாகக் கையில் எடுத்திருக்கும் ஓர் அமைப்பு மதுரையிலேயே இருக்கிறது. தானம் அறக்கட்டளை. அலுவலகம் நகரின் மேற்குப் பகுதியில், கென்னட் குறுக்குச் சாலையில். இதை 1997-ல் தொடங்கியவர்களில் முதன்மையானவர் எம்.பி. வாசிமலை. வேளாண்மை படித்து, அகமதாபாத் ஐ.ஐ.எம்.மில் நிர்வாகம் படித்தவர். அந்தப் படிப்பு படித்தவர்கள் பெரும்பாலும் போகும் திசை வேறு. இவர் கிராமங்களுக்கு வந்தார்.

1990-களின் தொடக்கத்திலேயே, அறக்கட்டளையாகப் பதிவு செய்வதற்கு முன்பே, இரண்டு வேலைகள் ஆரம்பமாகிவிட்டன. பெண்களின் சேமிப்புக் குழுக்களுக்குக் ‘களஞ்சியம்’ என்று பெயர். கண்மாய்ப் பாசன விவசாயிகளின் சங்கங்களுக்கு ‘வயலகம்’ என்று பெயர்.

வயலகம் போகும் வழி இதுதான். கண்மாயில் மண்வெட்டி விழுவதற்கு முன்னால் சங்கம் அமைய வேண்டும். யார் யாருக்கு எவ்வளவு நிலம், எந்த மடையில் பாய்கிறது, எந்தக் கால்வாய் அடைத்திருக்கிறது, எது ஆக்கிரமிப்பில் இருக்கிறது என்பதை ஊர்க்காரர்களே உட்கார்ந்து பேச வேண்டும். செலவில் ஒரு பங்கை ஊர் போட வேண்டும். பணமாகவோ உழைப்பாகவோ இருக்கலாம். வேலைக் கணக்கு சங்கத்தின் முன் வாசிக்கப்பட வேண்டும். எல்லாம் முடிந்த பிறகு பராமரிப்புக்கென்று தனியாக ஒரு நிதி இருக்க வேண்டும்.

கேட்க எளிமையாக இருக்கிறது. செய்ய மாதக்கணக்கில் ஆகும். மேல்மடைக்காரருக்கும் கடைமடைக்காரருக்கும் இருக்கும் பழைய பகை ஒரு கூட்டத்தில் தீராது. பலகை வைக்க வரும் அதிகாரிக்கு இவ்வளவு பொறுமை இருக்குமா என்பதுதான் கேள்வி.

பழைய நாளில் இதற்குக் குடிமராமத்து என்று பெயர். ஊர்க்காரர்களே சேர்ந்து கண்மாயைப் பழுது பார்ப்பது. ஆங்கிலேயர் ஆட்சியில் 1858-ல் இதைக் கட்டாய வேலையாக்கிச் சட்டமே போட்டார்கள். தானாக வந்துகொண்டிருந்த வேலை சட்டத்தால் வளரவில்லை; தேய்ந்துகொண்டே போனது. கண்மாய் அரசாங்கத்தின் சொத்து என்ற எண்ணம் வந்த பிறகு, கரையில் விழுந்த ஓட்டையை அடைக்கக்கூட அரசாங்கம்தான் வர வேண்டும் என்று ஆகிவிட்டது. இன்று நிறுவனங்கள் அந்த இடத்துக்கு வந்தால், அதே எண்ணம் வேறு பெயரில் தொடரும் ஆபத்து இருக்கிறது. ‘கம்பெனிக்காரங்க வந்து செய்வாங்க’ என்று ஊர் காத்திருக்கும்.

ஏழையிடம் பங்கு கேட்கலாமா?

இங்கே ஒரு நியாயமான எதிர்க்கேள்வி எழும். கோடிக்கணக்கில் லாபம் பார்த்த நிறுவனத்தின் பணம் இருக்கும்போது, அன்றாடங்காய்ச்சிகளிடம் ‘நீயும் ஒரு பங்கு போடு’ என்று கேட்பது சரியா?

மதுரைக்காரர்களுக்கு இந்தக் கேள்வி புதிதில்லை. வைகையில் வெள்ளம் வந்தபோது வீட்டுக்கு ஓர் ஆள் வந்து கரையை அடைக்க வேண்டும் என்று பாண்டியன் ஆணையிட்டான். பிட்டு விற்றுப் பிழைக்கும் வந்திக் கிழவிக்கு ஆள் இல்லை. சொக்கநாதரே கூலியாளாக வந்து, உதிர்ந்த பிட்டைக் கூலியாக வாங்கிக்கொண்டு மண் சுமந்தார் என்கிறது திருவிளையாடல் கதை. ஆவணி மாதத்தில் புட்டுத்தோப்பில் இன்றும் அந்தத் திருவிழா நடக்கிறது. எல்லோருக்கும் ஒரே அளவு பங்கு என்று விதி போட்டால் வந்திக்கு என்ன ஆகும் என்பதை அந்தக் கதை அப்போதே கேட்டுவிட்டது.

ஆகவே பங்கு கேட்பதில் நியாயம் வேண்டும். பத்து ஏக்கர் பாய்ச்சுபவரும் அரை ஏக்கர் பாய்ச்சுபவரும் ஒரே தொகை போடக் கூடாது. நிலத்துக்குத் தக்கபடி போட வேண்டும். நிலமே இல்லாதவர் என்ன செய்வார்? கண்மாய் நிறைந்தால் முதல் லாபம் நிலக்காரருக்குத்தான். கூலி வேலைக்குப் போகும் குடும்பத்துக்கு அதில் கிடைப்பது என்ன? மாட்டுக்குத் தண்ணீர், குடிநீர்க் கிணற்றில் ஊற்று, மீன் பாசிக் குத்தகையில் பங்கு, கரையில் வளரும் மரங்களில் பங்கு. இவற்றை முதல் கூட்டத்திலேயே பேசி எழுதிவைக்காவிட்டால், சமூகப் பொறுப்பு நிதியின் பலன் ஏற்கெனவே வசதியாக இருப்பவர் வயலுக்குப் பாய்ந்துவிடும்.

நிலம் இல்லாதவர்களின் குரல் அந்தக் கூட்டத்தில் கேட்க வேண்டுமானால், அவர்களில் ஒருவர் எழுந்து பேச வேண்டும். மதுரை அப்படி ஒருவரைப் பார்த்திருக்கிறது.

கூலி பேசிய சின்னப்பிள்ளை

அழகர்கோவில் பகுதிக் கிராமம் ஒன்றில் விவசாயக் கூலியாக இருந்தவர் சின்னப்பிள்ளை. எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் வயல் வேலைக்குப் போகும் பெண்களின் குழுவுக்கு அவர்தான் தலைவி. நிலக்காரரிடம் கூலி பேசுவது, வேலையைப் பிரித்துக் கொடுப்பது, கிடைத்த கூலியை எல்லோருக்கும் சரியாகப் பங்கிடுவது எல்லாம் அவர் பொறுப்பு. பதவி கிடையாது, நாற்காலி கிடையாது. ‘அவ சொன்னா சரியா இருக்கும்’ என்ற நம்பிக்கை மட்டும்தான் இருந்தது.

களஞ்சியம் குழுக்கள் வந்தபோது அதில் சேர்ந்தார். மாதாமாதம் சிறு தொகை சேமிப்பது, அதிலிருந்து ஒருவருக்கொருவர் கடன் கொடுப்பது, யாருக்கு முதலில் என்பதைக் கூடிப் பேசி முடிவு செய்வது. கந்துவட்டியிலிருந்து பல குடும்பங்கள் மீண்டது இப்படித்தான். குழு வளர்ந்து இயக்கமானது. சின்னப்பிள்ளை அதன் முகமானார்.

2001 ஜனவரியில் டெல்லியில் நடந்த விழாவில் அவருக்கு ஸ்திரீ சக்தி விருது வழங்கப்பட்டது. அப்போது பிரதமர் வாஜ்பாய் குனிந்து அவர் காலைத் தொட்டு வணங்கினார். அந்தப் படத்தை நாடே பார்த்தது. 2019-ல் பத்மஸ்ரீ.

இந்தக் கதை இங்கே முடிந்தால் நன்றாக இருக்கும். முடியவில்லை. 2024-ல், தனக்கு வீடு கிடைக்கவில்லை என்று அவரே சொன்ன செய்தி வெளியானது. அதன் பிறகு தமிழக அரசு அவருக்கு வீட்டுக்கு ஏற்பாடு செய்தது. காலைத் தொட்டு வணங்கப்பட்ட அம்மாவுக்கு ஒரு வீட்டுக்காக அத்தனை ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

மேடையில் கௌரவிப்பது ஒரு நாள் வேலை. வாழ்க்கை நிலைபெற ஏற்பாடு செய்வது பல ஆண்டு வேலை. கண்மாய்க்குப் பலகை வைப்பதற்கும் கண்மாயைக் காப்பாற்றுவதற்கும் இடையே இருக்கும் அதே தூரம்தான் இங்கேயும்.

ஒரே வீட்டில் இரண்டு பாதைகள்

தொழில் ஒரு பக்கம், தொண்டு ஒரு பக்கம் என்று பிரித்துப் பார்ப்பதும் மதுரைக்குப் பழக்கமில்லை. டி.வி. சுந்தரம் அய்யங்கார் 1911-ல் மதுரையில் தொடங்கிய நிறுவனம்தான் பிறகு டி.வி.எஸ். குழுமமானது. அவர் மகள் சௌந்தரம் இளம் வயதிலேயே கணவரை இழந்தார். அந்தக் காலத்தில் அப்படிப்பட்ட பெண்கள் வீட்டுக்குள்ளேயே முடங்கிப்போவது வழக்கம். இவர் டெல்லி சென்று மருத்துவம் படித்தார். காந்தியத் தொண்டர் ஜி. ராமச்சந்திரனை மறுமணம் செய்துகொண்டார். 1947-ல் இருவரும் சேர்ந்து திண்டுக்கல் அருகே சின்னாளபட்டியில் காந்திகிராமத்தைத் தொடங்கினார்கள். அங்கே முளைத்த மருத்துவமனையும் கல்வி நிலையங்களும் இன்றும் இயங்குகின்றன. காந்திகிராம கிராமியப் பல்கலைக்கழகத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது.

செல்வந்தர் வீட்டுப் பெண் ஊருக்கு ஒரு கட்டடம் கட்டிக்கொடுத்துவிட்டுத் திரும்பியிருக்கலாம். சௌந்தரம் அந்த ஊரிலேயே தங்கினார். அங்குள்ள பெண்களையே பயிற்றுவித்தார். அவர் 1984-ல் மறைந்தார். அவர் தொடங்கியது நிற்கவில்லை.

இன்னொரு உதாரணம் எல்லோருக்கும் தெரிந்தது. 1976-ல் அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற டாக்டர் கோ. வெங்கடசாமி, மதுரை அண்ணா நகரில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போனவர் அவர். நன்கொடைக்குக் கையேந்தும் வழியை அவர் நம்பியிருக்கவில்லை. வசதியுள்ளவர் கட்டணம் செலுத்துவார். அந்த வருமானத்தில் வசதி இல்லாதவருக்கு அதே டாக்டர்கள் சிகிச்சை செய்வார்கள். கிராமத்துப் பெண்களைப் பயிற்றுவித்து மருத்துவப் பணியாளர்கள் ஆக்கினார்கள். கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் வெளிநாட்டிலிருந்து வந்து விலை கட்டுப்படியாகவில்லை என்றபோது, 1992-ல் ஆரோலேப் என்ற பிரிவைத் தொடங்கி இங்கேயே தயாரித்தார்கள். விலை பல மடங்கு இறங்கியது. டாக்டர் 2006-ல் காலமானார். மருத்துவமனை வளர்ந்துகொண்டேதான் இருக்கிறது.

இந்தக் கதைகளில் பொதுவாக ஒன்று இருக்கிறது. தொடங்கியவர் தான் இல்லாத நாளை முதலிலேயே யோசித்திருக்கிறார்கள். பணம் எங்கிருந்து தொடர்ந்து வரும், வேலையை யார் தொடர்ந்து செய்வார்கள், முடிவை யார் எடுப்பார்கள் என்று ஏற்பாடு செய்துவிட்டுத்தான் போயிருக்கிறார்கள்.

மார்ச் 31-ம் ஐப்பசி மழையும்

நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு வேலை தடுக்கி விழும் இடம் இதுதான். நிதியாண்டு மார்ச் 31-ல் முடிகிறது. அதற்குள் செலவைக் காட்ட வேண்டும் என்ற பரபரப்பில், எளிதில் முடியும் வேலையாகத் தேடுகிறார்கள். கண்மாய்க்கு வேறு காலண்டர். தை அறுவடை முடிந்து தண்ணீர் வற்றிய பிறகு வேலை தொடங்கி, ஐப்பசி மழைக்கு முன் முடிய வேண்டும். நடுவில் மார்ச் 31 குறுக்கே வந்து நிற்கும்.

சட்டம் இதற்கு வழி வைத்திருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. 2021-ல் வந்த திருத்தத்தின்படி, ஒரு வேலையைத் ‘தொடர் திட்டம்’ என்று நிர்வாகக் குழு முடிவு செய்தால், அந்த ஆண்டு செலவாகாத தொகையைத் தனி வங்கிக் கணக்கில் போட்டு, அடுத்த மூன்று நிதியாண்டுகளுக்குள் செலவிடலாம். ஆகவே அவசரத்துக்குச் சட்டத்தைக் காரணம் காட்ட முடியாது. முதல் ஆண்டைச் சங்கம் அமைக்கவும் அளவெடுக்கவும், இரண்டாம் ஆண்டைக் கால்வாய்க்கும் மடைக்கும், மூன்றாம் ஆண்டைப் பராமரிப்பைப் பழக்கவும் ஒதுக்கலாம். நிர்வாகத்தில் இருப்பவருக்கு அந்த அளவு பொறுமை வேண்டும்.

மீதி 98 பங்கைப் பற்றியும் பேச வேண்டும். லாபத்தில் இரண்டு பங்கைக் கொடுத்துவிட்டு, அந்த லாபம் வந்த வழியில் ஆற்றில் கழிவை விட்டால் அதைப் பொறுப்பு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பெரிய ஆயிரம் பட்டியலிட்ட நிறுவனங்கள் தங்கள் தண்ணீர்ச் செலவு, மின்சாரச் செலவு, கழிவு, தொழிலாளர் நலன் பற்றியெல்லாம் ஆண்டுதோறும் அறிக்கை தர வேண்டும் என்று 2022–23 நிதியாண்டு முதல் ‘செபி’ கட்டாயமாக்கியிருக்கிறது. அந்த அறிக்கைகள் நிறுவனங்களின் இணையதளத்திலேயே இருக்கின்றன. யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம்.

கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

இது முதலாளிகளுக்கான விஷயம் என்று கடந்துவிட வேண்டாம். ஊரில் இருப்பவர்கள், குடியிருப்போர் சங்கத்தில் இருப்பவர்கள், நிறுவனத்தில் வேலை பார்க்கும் பிள்ளைகள் என்று எல்லோரும் கேட்கக்கூடிய கேள்விகள் இருக்கின்றன. பக்கத்துக் கண்மாயிலோ பள்ளியிலோ அடுத்த முறை ஒரு பலகை நட வந்தால் கேளுங்கள்.

ஒன்று: இந்த வேலை வேண்டும் என்று முடிவு செய்தது யார்? கிராம சபையிலோ தெருக் கூட்டத்திலோ பேசப்பட்டதா?

இரண்டு: இதில் நிலமோ வீடோ இல்லாதவருக்கு என்ன கிடைக்கும்?

மூன்று: மூன்று ஆண்டு கழித்து ஒரு மடை உடைந்தால், பழுது பார்க்கப் பணம் எங்கே இருக்கிறது? யார் கையெழுத்துப் போட்டு எடுக்க முடியும்?

நான்கு: செலவுக் கணக்கை ஊர் பார்க்கலாமா?

ஐந்து: கொடுக்கும் நிறுவனம் தன் சொந்த வளாகத்தில் தண்ணீரை எப்படிப் பயன்படுத்துகிறது?

நல்ல எண்ணத்தோடு வந்தவர் இந்தக் கேள்விகளால் கோபப்பட மாட்டார். உள்ளுக்குள் சந்தோஷப்படுவார். ஊர் விழித்திருக்கிறது, போட்ட பணம் வீணாகாது என்று அவருக்குத் தெரியும். பதில் சொல்லத் தடுமாறினாலும் கெடுதல் இல்லை. அன்றிலிருந்து யோசிக்கத் தொடங்குவார்.

தல்லாகுளம், பீபிகுளம், உலகனேரி என்று மதுரையில் பேருக்குள்ளேயே குளத்தையும் ஏரியையும் வைத்திருக்கும் இடங்கள் எத்தனையோ. சிலவற்றில் பெயர் மட்டும்தான் மிச்சம். மாடக்குளத்தில் இன்னும் குளம் இருக்கிறது.

மழைக்காலம் நல்லபடியாக அமைந்த ஆண்டில் சாயங்காலம் அதன் கரைக்குப் போனால், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தண்ணீர் பார்க்க வந்த குடும்பங்களைப் பார்க்கலாம். அந்தப் பிள்ளைகளில் யாராவது, ‘இதை யார் கட்டினா?’ என்று கேட்பார்கள். பதில் தெரியாது. கட்டியவர் பெயர் போட்ட பலகை எதுவும் அங்கே இல்லை. தண்ணீர் இருக்கிறது.